முதல் வெல்டிங் மெஷின்: அம்மாவோட குடவண்டிக்காகக் கத்துக்கணும், எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

மண்டபம்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல விசைப்படகுல வேலை பாக்குறேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் கரைதான். இந்த வருசம் அந்த நாள்ல வெல்டிங் கத்துக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

காரணம் அம்மாவோட குடவண்டி. நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். தண்ணி தூரமா இருக்குற ஊர்ல வீட்டு வாசல்ல ஒரு இரும்புத் தள்ளுவண்டி நிக்கும். வரிசையா வளையம் வச்சிருக்கும், வளையத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். எங்க வண்டியில ஆறு குடம். குடத்துக்கு 15 லிட்டர்னு வச்சாலும் 90 கிலோ தண்ணியத் தள்ளிட்டு வரணும்.

வாங்கி ரெண்டு வருசம்தான் ஆகுது. அச்சு பிடிக்கிற தகடு பைப்போட சேர்ற இடம் மூணாவது தடவையா விட்டுப்போச்சு. போன வாரம் தெருமுனையில வச்சு வண்டி சாஞ்சு ரெண்டு குடம் உடைஞ்சது, அம்மாவுக்கு முழங்கால்ல அடி. வீட்டுக்குக் கொண்டுவந்து பைப்ப நிமித்திப் பாத்தேன். உள்ள இருந்து துரு டீத்தூள் மாதிரி கொட்டுது. வெளிய பெயின்ட் நல்லாத்தான் இருக்கு.

திரும்பவும் பட்டறையில ஒட்ட வைக்கிறதுக்குப் பதிலா புது வண்டி நானே செய்யணும். கேள்வி இதுதான்:

கையில தூக்குற சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் போதுமா? மாஸ்க், ராடு (உருகி ஒட்டுற வெல்டிங் குச்சி) எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் எடுத்து வச்சிருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய காயில் மெஷின் (கனமான டிரான்ஸ்பார்மர் வகை) ஒண்ணு குறைச்ச விலைக்குத் தர்றேங்கிறார், அத வாங்கலாமா? ராடு எது? துருப்பிடிக்காம இருக்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்புல செய்யலாமா?

---

பட்டறை_கீழக்கரை

தம்பி, அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? முதல்ல முழங்காலக் காட்டுங்க, வண்டி அப்புறம்.

22 வருசமா இந்த வேலை. காயில் மெஷின் நல்ல பொருள்தான், அடிச்சாலும் சாகாது. ஆனா அதுல பாதிக்கு மேல ரெண்டு ஃபேஸ் கேக்கும், தூக்க ரெண்டு ஆள் வேணும், கத்துக்கிறவனுக்கு ராடு ஒட்டிக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு இன்வெர்ட்டரே போதும். டி.சி. கரண்ட் வர்றதால ராடு நுனியில எரியுற நெருப்பு சீரா நிக்கும்.

பெட்டி மேல 200 ஆம்ப்னு போட்டிருக்கும், 250-னு போட்டிருக்கும். அதப் பாத்து மயங்க வேணாம். நீங்க ஓட்டப்போறது 2.5 மி.மீ. ராடு, கடையில 12 கேஜ்னு கேட்டாக் குடுப்பாங்க. அதுக்கு 60-ல இருந்து 90 ஆம்ப்தான். 10 கேஜ், அதாவது 3.15 ராடுக்கு 90-ல இருந்து 130. உங்க வண்டியில அதுக்கு மேல வேலையே கிடையாது. கடைக்காரர்கிட்ட டியூட்டி சைக்கிள் கேளுங்க. 60 சதவீதம்னா பத்து நிமிசத்துல ஆறு நிமிசம் ஓட்டலாம், நாலு நிமிசம் ஆற விடணும். அந்தக் கணக்கு எத்தனை ஆம்ப்புக்குன்னும் கேளுங்க. 200-க்கா 120-க்கான்னு சொல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன்.

அப்புறம் அந்த டீத்தூள் விசயம். மெஷினை விட அதுதான் முக்கியம். ராத்திரி விவரமா எழுதுறேன்.

---

தங்கச்சிமடம்_ஒயர்

நான் எலக்ட்ரீசியன். மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி பிளக் பாயின்ட்டப் பாருங்க அண்ணே.

80 ஆம்ப்ல 2.5 ராடு ஓடும்போது நெருப்புல ஏறக்குறைய 23 வோல்ட் நிக்கும். 80-ஐ 23-ஆல பெருக்கினா 1,840 வாட். மெஷினோட இழப்பு, பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்த்தா 230 வோல்ட் லைன்ல 13, 14 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் சாக்கெட் தாங்கும். அதே மெஷின்ல 120 ஆம்ப் வச்சு 3.15 ராடு ஓட்டினா 20 ஆம்ப்பத் தாண்டிரும். ஏ.சி.க்குப் போட்ட பாயின்ட்ல மாட்டினா ஒயர் சுடும், பிளக் கருகும். மெயின் போர்டுல இருந்து தனியா 4 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, அதுக்குத் தனி எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) போட்டுக்கிட்டா நிம்மதி. எக்ஸ்டென்சன் ஒயர் வச்சா சுருளை முழுசாப் பிரிச்சு விரிச்சுப் போடுங்க. சுருட்டி வச்சபடியே ஓட்டி உருகின ஒயரை நானே மாத்திக் குடுத்திருக்கேன்.

இன்னொண்ணு. ராடு பிடிக்கிற ஹோல்டரோட சேர்ந்து வர்ற, இரும்புல மாட்டுற கிளாம்ப்ப எல்லாரும் எர்த்னு சொல்றோம். அது கரண்ட் திரும்பி வர்ற வழி, அவ்வளவுதான். மெஷினோட மூணாவது பின் வீட்டு எர்த்துக்குப் போகணும், அது வேற. நம்ம உப்பு மணல்ல புதைச்ச எர்த் பைப் உள்ளயே அரிச்சு அறுந்து கிடக்குறத நிறைய வீட்டுல பாத்திருக்கேன். மேல கம்பி அழகாத் தெரியும், கீழ ஒண்ணும் இருக்காது. அத ஆளு வச்சுச் சோதிச்சுட்டு மெஷின மாட்டுங்க.

---

தொண்டி_வாடை

ஜி.ஐ. பைப் பத்திக் கேட்டிருக்கீங்க. என் அனுபவத்தச் சொல்லிர்றேன், நீங்களாவது தப்பிச்சுக்கங்க.

நான் கோழிக்கூடு செய்யக் கத்துக்கிட்டவன். உப்புக் காத்துன்னு ஜி.ஐ. பைப் வாங்கி, வீட்டுப் பின்னாடி மூணு பக்கம் சுவர் இருக்குற இடத்துல உக்காந்து மத்தியானம் முழுக்க ஓட்டினேன். வெள்ளையாப் புகை, பஞ்சு மாதிரி மிதக்கும். வாயில இனிப்பா ஒரு ருசி. சாயங்காலம் ஏழு மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டுச்சு. போர்வை மேல போர்வை. மலேரியான்னு நினைச்சு வீட்டுல பயந்துட்டாங்க. டாக்டர் வேலை என்னன்னு கேட்டதும் புரிஞ்சுக்கிட்டார். துத்தநாகப் புகைக் காய்ச்சல். மறுநாள் சாயங்காலம் சரியாப்போச்சு.

காரணம் என்னன்னா, இரும்பு உருகுறது ஏறக்குறைய 1,500 டிகிரியில. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாயிரும். ஆக, இரும்பு உருகுறதுக்கு முன்னாடியே பூச்சு முழுக்கப் புகையாகி நம்ம மூக்குக்கு வந்துருது. வெல்டுக்குள்ளயும் குமிழி விடும். அப்புறம் பாருங்க, ஒட்டின இடத்துல பூச்சு எரிஞ்சு போனதால முதல்ல துருப்பிடிச்சதும் அந்த இடம்தான்.

ஜி.ஐ. வேணவே வேணாம்னு சொல்லல. ஒட்டுற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் கிரைண்டர்ல பூச்ச எடுத்துட்டு, திறந்தவெளியில, காத்து முதுகுப் பக்கம் இல்லாம பக்கவாட்டுல வர்ற மாதிரி உக்காந்து, அதுக்கான முகமூடி போட்டுச் செய்யலாம். முதல் வேலைக்கு எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) பைப்தான் நல்லது.

---

பட்டறை_கீழக்கரை

தொண்டித் தம்பி சொன்னதுல ஒரு வார்த்தை மாத்த வேண்டியதில்ல.

இப்ப அந்த டீத்தூள். வண்டி ஏன் உடைஞ்சது? பெயின்ட் நல்லா இருக்கு, பைப் உள்ள அரிச்சிருக்கு. அப்படின்னா உப்பு உள்ள போயிருக்கு. எந்த வழியா? ரெண்டு வழி. ஒண்ணு, பைப்போட வாய் திறந்திருக்கும், இல்ல பிளாஸ்டிக் மூடி சொருகியிருக்கும். ரெண்டாவது, அச்சுத் தகட்டச் சுத்தி முழுசா ஓட்டாம மேல ரெண்டு இஞ்ச், கீழ ரெண்டு இஞ்ச்னு விட்டிருப்பாங்க. அந்த இடைவெளி மயிரிழை அளவு இருந்தாப் போதும், உப்புத் தண்ணி உறிஞ்சிக்கும்.

அப்படி உள்ள போன உப்பு காயவே காயாது. சாப்பாட்டு உப்பே காத்துல ஈரம் 75 சதவீதத்தத் தாண்டினாக் கசிய ஆரம்பிச்சுரும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கு, அது அதுக்கும் முன்னாடியே ஈரத்த இழுக்கும். மண்டபத்துல காத்து என்னைக்கு வறண்டு இருந்திருக்கு? வெளிய வெயில் அடிச்சாலும் பைப்புக்குள்ள எப்பவும் ஈரம்தான்.

அதனால நம்ம கரையில வெல்டிங்னா என்னைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு இரும்ப ஒட்டுறது பாதி வேலை. உப்பு போற வழிய அடைக்கிறது மறுபாதி. எல்லா வாயையும் தகடு வச்சு மூடி, எல்லாப் பக்கமும் சுத்தி ஓட்டணும். உங்க பழைய வண்டி செஞ்சவங்களுக்கு ஓட்டத் தெரியாம இல்ல, அந்த மறுபாதிய விட்டுட்டாங்க.

---

பாம்பன்_காற்று

கீழக்கரைக் காக்கா (எங்க பக்கம் அண்ணன்னு அர்த்தம்) சொல்றதுக்குச் சாட்சி எங்க ஊர்லயே நிக்குது. 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துல வருசம் பூரா பெயின்ட் அடிச்சு, அரிச்ச இரும்ப மாத்திக்கிட்டேதான் இருந்தாங்க, சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல முழு வெல்டிங் இணைப்பு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேல பாலிசிலாக்சேன்ங்கிற துருத் தடுப்புப் பூச்சு. அவ்வளவு பெரிய பாலத்துக்கும் குடவண்டிக்கும் எதிரி ஒண்ணுதான்.

---

ஐடிஐ_அக்கா

தொழிற்பயிற்சி நிலையத்துல வெல்டர் பிரிவுப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன். தம்பிக்கு முடிஞ்சா அந்த ஒரு வருசப் படிப்புல சேரலாம், எட்டாவது பாஸ் போதும். இப்போதைக்கு இந்த 61 நாளுக்கு எழுதுறேன்.

ராடு: 6013 எடுத்துக்கங்க. பற்ற வைக்க லேசு, கசடு (வெல்டு மேல ஓடு மாதிரி படியுறது) தானா உரிஞ்சு வரும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடும். முதல் ரெண்டு எண் 60-ங்கிறது பலம், ஒரு சதுர இஞ்ச்சுக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும்னு அர்த்தம். மூணாவது எண் 1, எல்லா நிலையிலயும் ஓட்டலாம்னு அர்த்தம். பாக்கெட்டுல ஐ.எஸ். 814 முத்திரை பாத்து வாங்குங்க.

யாராவது வந்து 7018 தான் பலம்னு சொல்லுவாங்க. பலம்தான். ஆனா அது ஈரம் பட்டாக் கெட்டுப்போற ராடு. பாக்கெட் பிரிச்சா சூட்டு அடுப்புலேயே வச்சிருக்கணும், ஈரம் பட்டா 300 டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கணும். கடலோரத்துல அந்த வசதி இல்லாம 7018 ஓட்டுறதுக்கு, காஞ்ச 6013 எவ்வளவோ மேல். 1.6, 2 மி.மீ. பைப்புக்கு அதோட பலம் தேவைக்கு அதிகமாவே இருக்கு.

6013-க்கும் ஈரம் ஆகாது. பாக்கெட் பிரிச்சதும் இறுக்கமா மூடுற டப்பாவுல போடுங்க. அரிசி டப்பா மாதிரி அகலமா இல்லாம நீளமா, 350 மி.மீ. ராடு உள்ள நிக்கணும். பி.வி.சி. பைப் ஒண்ண வெட்டி ரெண்டு பக்கமும் மூடி போட்டாலே போதும், என் பிள்ளைங்க எல்லாரும் அதத்தான் செய்வாங்க. ஈரம் குடிச்ச ராடு ஓடும்போது சடசடன்னு வெடிக்கும், மேல ஊசிக்குத்து மாதிரி துளை விழும். அந்தத் துளை வழியாத்தான் காக்கா சொன்ன உப்பு போகும்.

முதல் பத்து நாள் வண்டியத் தொடாதீங்க. பழைய இரும்புக் கடையில 5 மி.மீ. பிளாட் (பட்டை இரும்பு) கொஞ்சம் வாங்குங்க. துருவ, பெயின்ட்ட எடுத்துப் பளபளன்னு ஆக்குங்க. கிளாம்ப் பிடிக்கிற இடத்தையும் சேர்த்துத்தான். 75 ஆம்ப் வைங்க. தீக்குச்சி உரசுற மாதிரி ராட உரசி, நெருப்பு வந்ததும் ராடோட கம்பி தடிமன் அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடிங்க. 2.5 மி.மீ., அவ்வளவுதான். ராடு உருக உருகக் கையும் இறங்கிக்கிட்டே வரணும். புதுசாக் கத்துக்கிற எல்லாருக்கும் இங்கதான் தப்பும். கை பக்கவாட்டுல போகும், கீழ இறங்காது. நெருப்பு நீளும், பொறி தெறிக்கும், இரும்பு மேல உருண்டை உருண்டையா உக்காரும்.

காதைக் குடுங்க. சரியா ஓடினா வாணல்ல நெத்திலி பொரியுற சத்தம், விடாம ஒரே சீரா வரும். கடுகு தாளிச்ச மாதிரி வெடிச்சா நெருப்பு நீளமாயிருக்கு.

கண்ணு நெருப்பப் பாக்கக் கூடாது, நெருப்புக்குப் பின்னாடி உருகி நிக்கிற குளத்தப் பாக்கணும். குளத்துல தெளிவா மினுங்குறது இரும்பு. அதுக்குப் பின்னாடி பாலாடை மாதிரி மூடிக்கிட்டு வர்றது கசடு. கசடு முன்னாடி வந்து இரும்பத் தாண்டினா ராட இன்னும் கொஞ்சம் படுக்க வைங்க, இல்ல 5 ஆம்ப் கூட்டுங்க. ஒரு முழு ராடுக்கு ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வந்தா வேகம் சரி. ஒரு நாளைக்குப் பத்து ராடு. ஓட்டின ஒவ்வொண்ணையும் தட்டி, பிரஷ் போட்டு, போட்டோ எடுத்து இங்க போடுங்க.

---

மண்டபம்கரை

காக்கா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குக் காயம் ஆறிட்டு வருது.

மெஷின் வாங்கிட்டேன். எர்த் பைப் தோண்டிப் பாத்தோம், தங்கச்சிமடத்துக்காரர் சொன்ன மாதிரியே ஒன்றரை அடிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. புதுசு போட்டாச்சு.

இன்னைக்கு எழுதுறதே கஷ்டமா இருக்கு. நேத்து சாயங்காலம் ரெண்டு துண்டைப் பிடிச்சு வைக்க டேக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிச்சேன். ஒரு டேக்தானேன்னு மாஸ்க்க இறக்காம கண்ண மட்டும் மூடிக்கிட்டேன். அப்படி ஏழெட்டு இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சேன், கண்ணுக்குள்ள மணல அள்ளிப் போட்ட மாதிரி. தண்ணி கொட்டுது, லைட்டப் பாக்க முடியல. பக்கத்து வீட்டுல உருளைக்கிழங்கு வெட்டி வைக்கச் சொல்றாங்க, தாய்ப்பால் விடச் சொல்றாங்க. என்ன செய்ய?

---

ஐடிஐ_அக்கா

கண்ணுல எதையும் வைக்காதீங்க, விடாதீங்க. கசக்காதீங்க. காலையிலேயே கண் டாக்டரப் பாருங்க. நெருப்போட புற ஊதா வெளிச்சத்துல கருவிழியோட மேல்தோல் வெந்திருக்கு, அதனாலதான் பல மணி நேரம் கழிச்சு வலிக்குது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிரும். ஆனா அந்தப் புண்ணுல கிழங்கு, பால்னு எது பட்டாலும் கிருமி ஏறும். வலி மரத்துப்போற சொட்டு மருந்த வீட்டுல வாங்கி விடுறதும் கூடவே கூடாது. ஆறுற வரைக்கும் மெஷின் பக்கம் போகாதீங்க.

---

பட்டறை_கீழக்கரை

என் முதல் வருசத்துல எனக்கும் இதே ஆச்சு தம்பி. டேக்தான் ஆளை ஏமாத்தும்.

தானா இருட்டாகுற மாஸ்க் வாங்குங்க, 80 ஆம்ப்புக்கு 10-ஆம் நம்பர் கறுப்பு வைங்க. வாசல்ல வேடிக்கை பாக்குற பிள்ளைங்களுக்கும் இதே ஆபத்து, ஒரு தார்ப்பாய கட்டி மறைச்சிருங்க. வெள்ளைச் சுவர் பக்கத்துல உக்காந்தா வெளிச்சம் பின்பக்கமா மாஸ்க்குக்குள்ள வரும், இடத்த மாத்துங்க. கைலி வேணாம், பாலியஸ்டர் சட்டை வேணாம். பருத்தித் துணி, மூடின செருப்பு, தோல் கையுறை. வேர்வையில கையுறை நனைஞ்சா மாத்திக்கணும், கால் வெறும் மணல்ல படாம காஞ்ச பலகை மேல நிக்கணும். ராடு மாத்தும்போதுதான் நிறைய பேருக்கு ஷாக் அடிக்குது.

படகுக்காரங்கங்கிறதால இதையும் சொல்லிர்றேன். டீசல் பேரல வெட்டித் தண்ணித் தொட்டி செய்யலாம்னு யாராவது பழசக் கொண்டுவருவாங்க. காலிப் பேரல்தான் வெடிக்கும், உள்ள ஆவி நிக்கும். தொடாதீங்க, யாருக்காகவும்.

---

வாலிநோக்கம்_உப்பு

உப்பளத்துல வேலை. ரெண்டு விசயம் கேக்கணும். எங்க தள்ளுவண்டி ஆறு மாசம் தாங்க மாட்டேங்குது. பெயின்ட் அடிச்சா கொப்புளம் கொப்புளமா எழும்புது. நல்ல பெயின்ட்தான் வாங்குறோம். அப்புறம் மெஷினைக் கடற்கரைப் பக்கம் வச்சுக்கிட்டா உள்ள போர்டு போயிரும்ங்கிறாங்களே?

---

பட்டறை_கீழக்கரை

பெயின்ட்டுக்கு அடியில உப்பு இருக்கு அண்ணே. கம்பி பிரஷ் போட்டாத் துரு போகும், உப்பு போகாது. கண்ணுக்கே தெரியாத உப்பு பெயின்ட் வழியா ஈரத்த இழுத்துத் தண்ணிக் கொப்புளம் ஆக்குது. நான் செய்யிறது இப்படி: வெல்டிங் முடிஞ்சதும் கசடு துளிகூட இல்லாமத் தட்டி, ஒட்டின பொறி உருண்டையெல்லாம் சுரண்டி, நல்ல தண்ணி விட்டு ரெண்டு தடவை கழுவுறது. கிணத்துத் தண்ணி உப்பா இருந்தா ஆகாது, குடிக்கிற தண்ணிதான். துடைச்சு, வெயில்ல சூடேற வச்சு, கையில சூடு தெரியும்போதே பிரைமர். காலையில அடிக்கக் கூடாது, பனி ஈரம் இரும்பு மேல இருக்கும். பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு மூணு மணிக்குள்ள முடிக்கணும். துத்தநாகம் கலந்த பிரைமர் கிடைச்சா அது, இல்லாட்டி எபாக்ஸி. வெறும் ரெட் ஆக்சைடு நம்ம கரைக்குப் பத்தாது. மூலையிலயும் வெல்டு மேலயும் பிரஷ்ல ஒரு கை முதல்லயே போட்டுட்டு, அப்புறம் மொத்தத்துக்கும் ரெண்டு கை.

மெஷினுக்குள்ள ஃபேன் இருக்கு, அது உப்புக் காத்தையும் கிரைண்டர் தூளையும் உள்ள இழுக்கும். மணல்ல வைக்காம ஸ்டூல் மேல வைங்க, கிரைண்டர் தள்ளி ஓடட்டும். வேலை முடிஞ்சதும் ஃபேன் ஓட விட்டு ஆறினப்புறம் மூடி போட்ட பெட்டிக்குள்ள வச்சு வீட்டுக்குள்ள எடுத்துருங்க. நாலு வருசமா என் சின்ன மெஷின் ஒண்ணு இப்படித்தான் ஓடுது.

---

மண்டபம்கரை

கண் சரியாயிருச்சு. மூணு நாள் ஆச்சு. மாஸ்க் இப்ப புதுசு.

பிளாட்டுல நாப்பது ராடுக்கு மேல ஓட்டியாச்சு. முதல் இருபது காட்டுற மாதிரி இல்ல. இருபத்தஞ்சுக்கு மேல அக்கா சொன்ன நெத்திலிச் சத்தம் ஒரு விரல் நீளத்துக்கு வந்துச்சு, அப்புறம் போயிரும், திரும்ப வரும். நேத்து ஒரு ராடு முழுக்க அந்தச் சத்தத்துலயே முடிஞ்சது. கசடு தட்டவே வேண்டியிருக்கல, ஆறும்போதே சுருண்டு எழும்பி வந்துச்சு. அடியில மீன் செதில் அடுக்கின மாதிரி வரிவரியா இருக்கு. அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன்.

25-க்கு 25 சதுரப் பைப், 2 மி.மீ. கனம் வாங்கிட்டேன். சட்டம் நாலு மூலையும் டேக் போட்டு, மூலைக்கு மூலை டேப் வச்சு ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஓட்டினேன். அப்படியும் ஒரு மூலை 4 மி.மீ. உள்ள இழுத்துக்கிச்சு. ஏன்?

பெரிய பிரச்சினை வேற. பைப் வாய்க்குத் தகடு வச்சு மூடினேன். மூணு பக்கம் அருமையா ஓடுது. நாலாவது பக்கம் கடைசி அரை இஞ்ச்ல ஒவ்வொரு தடவையும் புஸ்ஸுன்னு ஊதி ஓட்டை விழுது. நாலு தடவை அடைச்சுப் பாத்துட்டேன், நாலு தடவையும் அதே இடம்.

---

ஐடிஐ_அக்கா

வரி அழகா இருக்கு தம்பி. பத்து நாள் பொறுமைக்கான பலன்.

மூலை இழுத்தது, ஒரே மூலைய முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனதால. உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்குற பக்கம் சட்டத்த இழுக்கும். இந்த மூலையில ஒரு பக்கம், எதிர் மூலையில ஒரு பக்கம்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க. இப்ப இழுத்த மூலையோட வெளிப்பக்கத்துல சின்னதா ஒரு வெல்டு கோடு ஓட்டினா கொஞ்சம் திரும்பி வரும்.

ஓட்டை விழறது உங்க கைத்தப்பு இல்ல. பைப்போட ரெண்டு வாயையும் மூடிட்டீங்க, உள்ள இருக்குற காத்து சூட்டுல விரியுது, வெளியேற ஒரே வழி அந்தக் கடைசி அரை இஞ்ச். உருகின இரும்ப ஊதித் தள்ளிட்டு வெளிய வருது.

---

பட்டறை_கீழக்கரை

அடியில, கண்ணுல படாத பக்கம் 3 மி.மீ. துளை ஒண்ணு போடுங்க. காத்து அது வழியாப் போகும், மூடி நிம்மதியா ஓட்டலாம். எல்லா வாயையும் முடிச்சுட்டு, பைப் முழுசா ஆறட்டும், கை வச்சா ஜில்லுன்னு இருக்கணும். அப்புறம் அந்தத் துளைய ஒரே டேக்ல அடைங்க. ரெண்டு நொடி வேலை, உள்ள காத்து சூடாக நேரம் இருக்காது.

அடைச்சது நின்னுச்சான்னு பாக்க சோப்புத் தண்ணி தடவி, பைப்ப வெயில்ல போடுங்க. உள்ள காத்து விரியும், கசிவு இருந்தாக் குமிழி வரும்.

ஒரு விசயம், இந்தச் சட்டத்தப் பின்னாடி யாராவது உருகின துத்தநாகத் தொட்டியில முக்கி எடுக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. மூடின பைப் அந்தச் சூட்டுல வெடிக்கும். அதுக்குப் போற இரும்புல காத்துத் துளை கண்டிப்பா இருக்கணும். உங்களோடது பெயின்ட் வண்டி.

அச்சுத் தகட்ட எப்படி வைக்கப்போறீங்க? பழசு உடைஞ்ச இடம் அதுதானே.

---

மண்டபம்கரை

துளை போட்டேன், ஓட்டினேன். ஒரே தடவையில நாலு பக்கமும் மூடிருச்சு காக்கா. மத்தியானம் வெயில்ல வச்சு சோப்புத் தண்ணி தடவினேன். ஒரு மூலையில மட்டும் கடுகளவு குமிழி ஒண்ணு வந்துச்சு. அந்த இடத்த கிரைண்டர்ல தோண்டி எடுத்துட்டு திரும்ப ஓட்டினேன். இப்ப ஒண்ணும் வரல.

அச்சுக்கு 5 மி.மீ. தகடு வெட்டி வச்சிருக்கேன். பழைய வண்டியில தகடு செங்குத்தா ஒரே கோடா நின்னுச்சு, பள்ளத்துல இறங்கும்போதெல்லாம் அந்தக் கோட்டுலதான் ஆட்டம் விழுந்திருக்கும். முக்கோணமா ஒரு முட்டுத் தகடு ரெண்டு பக்கமும் குடுத்தா சரியா வருமா? இந்த இடத்துக்கு 12 கேஜே போதுமா, 10 கேஜ் போடணுமா?

---

பட்டறை_கீழக்கரை

முட்டுக் குடுங்க, அதுதான் சரி. முக்கோணத்தோட உள்மூலைய அரை இஞ்ச் வெட்டி விட்டுராதீங்க, பெரிய வேலையில அப்படிச் செய்வாங்க, நமக்கு அது உப்பு தேங்குற பொந்து. முழுசா ஒட்டி வச்சு, இரும்புல சேர்ற பக்கமெல்லாம் சுத்தி ஓட்டுங்க.

5 மி.மீ. தகடும் 2 மி.மீ. பைப்பும் சேர்ற இடம் இது. 12 கேஜே போதும், 85 ஆம்ப் வைங்க. நெருப்பத் தகடு மேல பிடிச்சு, குளத்த மட்டும் பைப்புக்கு இழுத்துவிடுங்க. நேரா நடுவுல பிடிச்சா பைப் ஓட்டையாகும், தகடு ஒட்டாது.

முதல்ல ஒரு துண்டுப் பைப்புல ஒரு துண்டுத் தகட்ட ஒட்டி, வைஸ்ல பிடிச்சு சுத்தியலால அடிச்சு உடைங்க. தகடு வளையணும், இல்ல பைப் கிழியணும். வெல்டு கோட்டுலேயே விட்டுச்சுன்னா 5 ஆம்ப் கூட்டி இன்னொரு துண்டு.

---

மண்டபம்கரை

ரெண்டு துண்டு உடைச்சேன். முதல்ல கோட்டுல விட்டுச்சு. 90-க்குக் கூட்டினேன், ரெண்டாவதுல பைப் கிழிஞ்சது, வெல்டு அப்படியே நிக்குது. போட்டோ கீழ போட்டிருக்கேன்.

நாளைக்கு அச்சு. பழைய வண்டிக் கைப்பிடி இடுப்புக்கு மேல உயரமா இருக்குன்னு அம்மா இப்பதான் சொல்றாங்க. நாலு இஞ்ச் இறக்கி வெட்டணும். ரெண்டு வருசமா அதத் தள்ளிட்டு இருந்திருக்காங்க.

---

ஐடிஐ_அக்கா

வெட்டுறதுக்கு முன்னாடி அம்மாவ ஆறு குடமும் நிறைச்ச பழைய வண்டிப் பக்கத்துல நிக்க வச்சு, கைய மடக்காம எங்க வருதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்கங்க. வெறும் வண்டிக்கும் நிறைஞ்ச வண்டிக்கும் டயர் அமுங்குறதுல உயரம் மாறும்.

---

மண்டபம்கரை

குறிச்சாச்சு அக்கா. நாலு இல்ல, அஞ்சே கால் இஞ்ச்.